சர்க்கரையை இரண்டாம் முறை போட்டது யார்

1

"அப்பா, அந்தச் சர்க்கரையைப் போட்டது நீங்கதான்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

இந்தக் கோரிக்கையை மட்டும் எந்தக் காலத்திலும் அவரிடம் வைத்துவிடாதே என்று அம்மா சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. இரண்டு வருடமும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதனால் கதையை அதிலிருந்தே தொடங்குகிறேன். நளினமான தொடக்கம் வேண்டுபவர்கள் இந்த விழா மலரில் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். அங்கே பாட்டில் கழுவுவது எப்படி என்று க்ளைவ் எழுதியிருப்பார்.

கதை பிறந்த விதத்தையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நானாக எழுதவில்லை, கேட்டார்கள். மவுண்ட் கேம்பியரில், வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர்களின் எங்கள் சங்கத்துக்கு இருபத்தைந்து வயது. மலர் போடுகிறார்கள். சங்கத் தலைவர் என் அப்பா ராட்னி, முப்பத்தொரு வருடம் மரம் அறுக்கும் ஆலையில் நின்றவர். செயலாளர் க்ளைவ், ஊரில் பியர் காய்ச்சும் பாகு டப்பாவும் ஈஸ்டும் விற்கும் கடைக்காரர். போன மாதம் அவர் போன் செய்தார்.

"டீகன், அந்த பாட்டில் வெடிச்ச கதைய நீயே எழுதிக் குடும்மா. உங்கப்பா சொல்றப்பல்லாம் வயிறு வலிக்கச் சிரிப்போம். நீ படிச்ச புள்ள. ஒரு பக்கம் போதும். விழாவுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள கடைக்குக் கொண்டாந்துடு, ராத்திரியே அச்சடிச்சுடுவேன்."

படிச்ச புள்ள. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். அடிலெய்டில் வேதியியல் படித்தேன். அந்தப் படிப்பை உருவிவிட்டால் இந்தக் கதையில் யாரும் சிரிக்க ஒன்றுமில்லை. அதனால்தான் நான் தேவைப்படுகிறேன்.

2

முதல் தொடக்கம் (அப்பாவின் குரலில், கிழித்துப் போட்டது):

"எங்க வீட்டுல ஒரு புரொபசர் இருக்கா. அணு, மூலக்கூறுன்னு மூணு வருஷம் படிச்சா. ஒரு பாட்டிலுக்கு எத்தன தடவ சர்க்கரை போடணும்னு மட்டும் அங்க சொல்லித்தரல பாவம்..."

இது வேலை செய்கிறது. எனக்கு எரிச்சலே அதில்தான். ஒவ்வொரு பார்பிக்யூவிலும், கறி புரட்டும் இடுக்கியைக் கையில் பிடித்தபடி, "பாவம்" என்ற இடத்தில் சரியாக ஒரு விநாடி நிறுத்துவார்.

இரண்டாம் தொடக்கம்: "சாம்பல் பூத்த ஒரு ஜூன் மாலையில், கரிய பாகு மெல்ல மெல்ல—"

வேண்டாம். எங்கள் வீட்டில் எதுவும் மெல்ல நடந்ததில்லை.

மூன்றாம் தொடக்கம், செய்முறை. இதையே வைத்துக்கொள்கிறேன், செய்முறைக்குப் பொய் சொல்ல வராது.

டப்பாவில் அடைத்த ஸ்டவுட் பாகு (ஸ்டவுட் என்பது கறுப்பு பியர்) இரண்டு எடுக்க வேண்டும். வழக்கமாக ஒரு டப்பாவும் ஒரு கிலோ சர்க்கரையும் போதும் என்று காகிதத்தில் இருக்கும். அப்படிச் செய்தால் வருவது கறுப்பு நிறத் தண்ணீர். நாங்கள் சர்க்கரைக்குப் பதில் இன்னொரு டப்பாவையே கவிழ்ப்போம். சுடுநீர்த் தொட்டியில் டப்பாக்களை நிற்க வைத்து இளக்கி, திறந்து சாய்த்தால் தார் போல இறங்கும். கரண்டியை நக்கினால் கருகிய ரொட்டியின் ஓரம் ருசிக்கும். டிரம்மில் வெந்நீர் விட்டுக் கரைத்து, குளிர்ந்த நீர் சேர்த்து இருபது லிட்டர் ஆக்கி, இரண்டு டப்பாவின் மூடிக்கடியிலும் இருக்கும் இரண்டு ஈஸ்ட் பொட்டலத்தையும் தூவ வேண்டும். மறுநாள் காலை டிரம்மின் மூடியைத் தள்ளிக்கொண்டு பழுப்பு நுரை தரையில் கிடக்கும். அதைத் துடைக்கிறவர் எப்போதும் அம்மா.*

* இதை அப்பாவின் கதையில் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

மூன்று வாரம் புளித்து அடங்கியபின் பாட்டிலில் அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரை சேர்க்க வேண்டும். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று வாயு விடும். அந்த வாயுதான் நுரை. இதற்கு இரண்டு வழி. அப்பாவின் வழி: ஒவ்வொரு பெரிய பாட்டிலுக்குள்ளும் இரண்டு சர்க்கரை வில்லைகள். என் வழி: மொத்தச் சர்க்கரையையும் வெந்நீரில் கரைத்து வாளியில் ஊற்றி, பியரை அதன்மேல் இறக்கிக் கலந்து, பிறகு பாட்டிலுக்குப் போவது. இரண்டும் சரியான வழிதான். ஒரே பாட்டிலில் இரண்டையும் செய்தால் அது வெடிகுண்டு.

3

இரண்டு வருடம் முன்பு, குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கொட்டகையில் நானும் அப்பாவும். ரேடியோவில் ஃபுட்டி, எங்கள் ஊர்க் கால்பந்து; ஆட்டத்தின் மூன்றாம் கால் பகுதி. எங்கள் அணி நான்கு புள்ளி பின்னால்.

"அப்பா, சர்க்கரைய வாளியிலேயே கரச்சுட்டேன். வில்லை போட வேண்டாம்."

"ம்."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா, கேட்டுச்சு. ஐயோ, உதைடா பாவி!"

கடைசி வாக்கியம் ரேடியோவுக்கு. என் போன் அடித்தது. வெளியே போய்ப் பத்து நிமிடம் பேசினேன். திரும்பி வந்து இருபத்தாறு பாட்டில்களையும் நிரப்பினேன். பழுப்புக் கண்ணாடி, அடியில் என்ன கிடக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. நிரப்புகிறவள் கழுத்தைத்தான் பார்ப்பாள், அடியை அல்ல. (குனிந்து பார்த்திருக்கலாமே என்று யாராவது சொன்னால், வில்லை போட வேண்டாம் என்று சொன்ன வாய் என்னுடையது என்பதை நினைவூட்டுகிறேன்.)

குளிரில் நுரை கட்டாது என்று அப்பா பாட்டில்களைத் துணி துவைக்கும் அறையில், வீட்டுக்கு வெந்நீர் தரும் கொதிகலனுக்குப் பக்கத்தில் அடுக்கினார்.

4

பதினோராம் நாள் அம்மா துணிக்கூடையை எடுக்கப் போனாள். பாட்டில்—

ஒரு பாட்டில் வெடித்து, அது பக்கத்திலிருந்த—

சத்தம் எப்படி இருந்தது என்று எழுத ஆறு உவமை முயன்றேன். ஆறும் பொய். நான் சமையலறையில் இருந்தேன். முதலில் வாசனை வந்தது, காப்பியும் ரத்தமும் போல. அம்மா கூடையைக் கீழே வைக்காமலே வெளியே வந்தாள். வலது கட்டைவிரலின் அடியில் வெட்டு. தசைநார் போய்விட்டது. அம்மா ஜெனின் எங்கள் வீட்டு முன்னறையில் பெண்களுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தவள். கத்தரிக்கோல் அதன்பிறகு அந்த விரலில் நிற்கவில்லை.

மருத்துவமனைக்குப் போகும் அவசரத்தில் நான் கத்தினேன்: "நான் வாளியிலதானே போட்டேன், சரியாத்தானே போட்டேன்!" அது அப்பா காதில் விழுந்தது. ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதச் சங்கக் கூட்டத்தில் சொன்னார். புரொபசர் இரண்டு தடவை சர்க்கரை போட்ட கதையை.

5

இங்கே என் அப்பா என்கிற பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. கெட்டவராக எழுதினால் சுலபம். எழுதிப் பார்த்தேன், மூன்று வரி தாங்கவில்லை.

ஏனென்றால் மருத்துவமனையிலிருந்து நானும் அம்மாவும் மட்டும் திரும்பும்போது காரில் அவள் சொன்னது இது: "உங்கப்பாதான் போட்டாரு. நீ போன் பேசிட்டிருந்தப்ப. ஜன்னல் வழியா பாத்தேன். புள்ள மறந்துடுச்சுன்னு நெனச்சு, நீ வெக்கப்படக் கூடாதுன்னு, சத்தமில்லாம ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ரெண்டு போட்டாரு. அத அவர்கிட்ட கேக்காத. எப்பவும் கேக்காத. அந்தக் கொட்டகைய விட்டா அவருக்கு வேற எடம் கெடையாது."

ஆக, அன்பினால் செய்தார். மகளுக்குத் தெரியாமல் மகளின் தப்பைத் திருத்தினார். தப்பே இல்லை என்பதுதான் சிக்கல். நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. நான் மறந்திருப்பேன் என்பது மட்டும் கேட்காமலே அவருக்குத் தெரிந்திருந்தது. இந்த அன்பை என்ன செய்வது என்று எனக்கு எந்த வகுப்பிலும்— (இந்த வாக்கியம் அப்பாவின் ஜோக் மாதிரி ஆகிறது. விட்டுவிடுகிறேன்.)

6

இன்று வெள்ளி. மதியம் மூன்று மணிக்குச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, முதல் பகுதியை மட்டும் விட்டுவிட்டு, இதுவரை எழுதியதை இரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டினேன். ஃபுட்டி வரும் இடம்வரை அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு நிறுத்தினார். காரில் அம்மா சொன்ன இடம் வந்ததும் அவள் பக்கம் திரும்பினார்.

"நீ பாத்தியா, ஜெனின்?"

"பாத்தேன்."

"ரெண்டு வருஷமா சொல்லவே இல்ல."

"நீயும்தான் சொல்லல, ராட்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "நான் போட்டது உனக்குத் தெரிஞ்சிருக்கும்னுதான் நெனச்சேன்."

"தெரிஞ்சிருக்கும்னு நெனச்சுக்கிட்டே என் தலையில கட்டினீங்களா?"

"கட்டறதென்ன கட்டறது? அது கதைம்மா. மரம் அறுத்த கெழவன் ஒருத்தன் வில்லை அதிகமாப் போட்டான்னா எவன் சிரிப்பான்? குடிச்சிருப்பான்னுட்டு போயிட்டே இருப்பான். கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணு போட்டாத்தான் கதை. எழுதறவதானே நீ, நீயே சொல்லு."

(கதைத் தொழிலின்படி அவர் சொல்வது முழுக்கச் சரி. அதைக் கேட்டபோதுதான் மேசையைக் கவிழ்க்கத் தோன்றியது.)

"தண்ணி பரிசோதனைக் கூடத்துல வேலைக்குச் சேந்த மொத நாள் என் மேசை மேல ரெண்டு சர்க்கரை வில்லை வெச்சிருந்தாங்கப்பா. இன்னைக்கும் நான் ஒரு அளவு சொன்னா இன்னொரு தடவ அளந்து பாக்கறாங்க."

"அட, ஒரு கிண்டல தாங்க முடியாதா? ஊரே உன்மேல பாசமா இருக்கு."

"அந்தப் பாசத்த நாளைக்கு ஒரு நாள் நீங்க வாங்கிக்கங்களேன். மேடையில நின்னு சொல்லுங்க."

அப்பா டீக்கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். "சரி. நான்தான் போட்டேன். தப்புதான். நம்ம மூணு பேருக்குள்ள சொல்லிட்டேன். போதுமா? அந்தக் காகிதத்த இங்க வெச்சிடு."

"ஜோக்க மூணு பேருக்குள்ளயா சொன்னீங்க?"

"ரெண்டு பேரும் வாய மூடுங்க," என்றாள் அம்மா.

என்னைப் பார்த்துத் தொடர்ந்தாள்.

"உங்கப்பா கதையில என் விரலே கெடையாது. பாட்டில் வெடிக்குது, நுரை வழியுது, எல்லாரும் சிரிக்கறாங்க. உன் கதையில விரல் இருக்கு. ஆனா அவரை அடிக்கற கம்பா இருக்கு. ஒரு வரி எழுதிட்டு அடுத்த சண்டைக்குப் போயிட்ட."

"அம்மா, நான் உனக்காகத்தான்—"

"அவரும் உனக்காகத்தான் வில்லை போட்டாரு."

இங்கே ஓர் அடைப்புக்குறியைத் திறந்தேன். காலியாகவே மூடினேன்.

"கூட்டத்துல அவர் மொத தடவ அந்த ஜோக்க சொன்னப்ப கட்டுப் போட்ட கையோட நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். நீயும் சிரிச்ச. அத எழுதினியா?"

எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். சிரித்தேன். எனக்கும் கிண்டல் தாங்கத் தெரியும் என்று காட்டுவதற்காக, முப்பது பேர் முன்னால், உண்மை தெரிந்தே, பல் தெரியச் சிரித்தேன்.

"எடுத்துடட்டுமா எல்லாத்தையும்?" என்று கேட்டேன்.

"எடுக்கச் சொல்லல. சேக்கச் சொல்றேன். எழுதிக்கோ. கடைசியா வந்தது மிஸஸ் டன்ஸ்டன். கத்தரிக்கோல் நழுவி அவங்க காதுல பட்டுது. பரவால்லன்னாங்க. அப்புறம் வரல. அடுத்த வாரம் முன்னறைக் கண்ணாடிய செவுத்துலேந்து எறக்கினேன். இடது கையால, தனியா, முட்டிய முட்டுக் குடுத்து. நீங்க ரெண்டு பேரும் வீட்டுலதான் இருந்தீங்க."

அப்பா நிமிரவில்லை. அந்தக் கண்ணாடி எங்கே போனது என்று நான் இதுவரை கேட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

7

முடிவுக்கு மூன்று வரைவு வைத்திருந்தேன்.

முடிவு அ: சனிக்கிழமை விழாவில் அப்பா எழுந்து நின்று தொண்டையைச் செருமி— (எனக்குப் பிடித்த முடிவு. அதனாலேயே நம்ப முடியவில்லை.)

முடிவு ஆ: நான் இந்தக் காகிதங்களைக் கிழித்துவிட்டு, க்ளைவ் கேட்ட வேடிக்கைப் பக்கத்தை இருபது நிமிடத்தில் எழுதிக் கொடுக்கிறேன். முடியும். நன்றாகவே எழுதுவேன்.

முடிவு இ: மூவரும் அழுது, சேர்ந்து ஒரு பாட்டிலைத் திறந்து— சீ.

மூன்றையும் அடித்துவிட்டேன். அம்மா சொன்னதை அவள் வார்த்தையிலேயே மேலே சேர்த்திருக்கிறேன். ஒரு முறை வாசித்துக் காட்டினேன், "செவுத்துலேந்து" என்பதைத் திருத்தாதே என்றாள்.

"ஜெனின், நீயாவது அவகிட்ட சொல்லேன்," என்றார் அப்பா. "நாளைக்கு அத்தன பேர் முன்னாடி நான் எப்படி உக்காருவேன்?"

அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "க்ளைவ் அஞ்சு மணிக்குக் கடைய மூடிடுவான்," என்றாள். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று இரண்டு பேருக்கும் புரிந்தது.

இந்தப் பத்தியை வாசல் கதவின்மேல் காகிதத்தை வைத்து, நின்றபடி எழுதுகிறேன். இது உங்கள் கைக்கு வந்திருந்தால் நான் என்ன முடிவெடுத்தேன் என்று உங்களுக்கே தெரியும். நான் விழாவுக்கு வரவில்லை. அவர் உங்கள் நடுவில் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் அம்மா. இதை வாசித்து முடித்ததும் நீங்கள் அவரிடம் ஏதாவது கேட்பீர்கள், அல்லது கோப்பையை நிரப்பிக்கொண்டு பேச்சை மாற்றுவீர்கள். அது என் கதையில் இல்லை, உங்கள் மேசையில் நடக்கப்போவது. எனக்குச் சொல்லியனுப்ப வேண்டாம். சொல்வதாக இருந்தால் அம்மாவிடம் ஏதாவது சொல்லுங்கள். இரண்டு வருடமாக அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மணி நாலு நாற்பது. பின்னாலிருந்து அப்பா கூப்பிடுகிறார். படி இறங்கிவிட்டேன், கார்ச் சாவி கையில் இருக்கிறது, ஓட்டிக்கொண்டே எழுத முடியாது.