ஸ்ட்ரெச்சரில் வந்த தேர்வாளர்

காசிநாதன் சார் முகாமுக்கு வருகிறார் என்று தெரிந்தால் சாரணப் பிள்ளைகள் முதலில் குனிந்து ஷூ லேஸைத்தான் பார்ப்பார்கள். லேஸின் இரண்டு காதும் ஒரே நீளத்தில் இல்லையென்றால் அரை மார்க் போய்விடும். கூடாரத்து முளை சரியாகச் சாயாமல் நின்றால் ஒரு மார்க். காய்கறித் தோலைக் குழியில் போட்டு மண் தள்ளாமல் விட்டால் இரண்டு. ரிஷிவந்தியம் பக்கத்துக்காரர், கணக்கு வாத்தியார், ஐம்பத்தாறு வயது. இருபது வருஷமாகச் சாரணர் தேர்வுகளுக்குத் தேர்வாளர். கிளிப் போட்ட அட்டையும் சிவப்புப் பேனாவும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

அந்த வருஷம் காலாண்டு விடுமுறையில் கல்வராயன் மலையில் முகாம் போட்டார்கள். கரியாலூரைத் தாண்டி ஒரு பள்ளி மைதானம். மூன்று பள்ளிகளிலிருந்து மூன்று அணிகள் வந்திருந்தன. இரண்டு பையன்கள் அணி, ஒரு பெண்கள் அணி. கச்சிராயபாளையம் பக்கத்திலிருந்து வந்த பெண்கள் அணிக்குத் தலைவி தேவதர்ஷினி. ஒன்பதாம் வகுப்பு. அப்பா, அம்மா இருவரும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். வீட்டை விட்டு வெளியே மூன்று நாள் தங்குவது அவளுக்கு இதுதான் முதல் தடவை. சாரணர் கையேட்டை மட்டும் அட்டையிலிருந்து அட்டை வரை நான்கு முறை படித்துவிட்டு வந்திருந்தாள்.

அவளோடு நான்கு பேர். நர்மதா மலைக்காரப் பெண். சேராப்பட்டுப் பக்கம் அவள் ஊர். கீழே விடுதியில் தங்கிப் படிக்கிறாள். தமிழ்மொழி காலையில் எழுந்ததும் மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறவள். எட்டாம் வகுப்பிலிருந்து சங்கவி, கனிஷ்கா. இவர்களை அழைத்து வந்தவர் மணிமொழி டீச்சர்.

முதல் இரண்டு நாளும் அவர்களுக்குச் சரியாக அமையவில்லை. குச்சிகளைக் கட்டித் தட்டு வைக்கும் ஸ்டாண்டு செய்தார்கள். காசிநாதன் சார் அதன் மேல் ஒற்றை விரலை வைத்தார். மொத்தமும் தட்டுகளோடு சரிந்தது. கூடாரத்தைச் சுற்றி மழைநீர் போக வாய்க்கால் வெட்டினார்கள். அது தண்ணீரை உள்ளே கொண்டுவந்து விட்டது. இரண்டாம் நாள் சாயங்காலம் கணக்குப் பார்த்தபோது மற்ற அணிகளைவிட நாலரை மார்க் பின்னால் இருந்தார்கள்.

"நாளைக்கு வழிக்குறித் தேர்வு, அப்புறம் பாத்திரம் இல்லாத சமையல். ரெண்டுலயும் விட்றாதீங்க" என்று மட்டும் மணிமொழி டீச்சர் சொல்லிவிட்டுப் போனார்.

வழிக்குறித் தேர்வு என்றால், தேர்வாளர் விடியற்காலையிலேயே காட்டுப் பாதையில் தனியாகப் போய்க் குறிகள் வைத்துக்கொண்டே செல்வார். கல்லால் அம்புக்குறி. போகக் கூடாத வழியில் பெருக்கல் குறி. கடைசியில் ஒரு வட்டம், அதன் நடுவில் ஒரே ஒரு கல். "வழி முடிந்தது, நான் திரும்பிவிட்டேன்" என்று அதற்குப் பொருள். அவர் திரும்பும் வரை காத்திராமல், குறித்த நேரத்தில் அணிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி அந்தக் குறிகளைப் பின்பற்றிப் போக வேண்டும்.

மூன்றாவது அணியாக இவர்கள் கிளம்பும்போது மணி ஒன்பதரை. ஆளுக்கு ஒரு கைத்தடி, இடுப்பில் ஒரு சுருள் கயிறு, ஒரு விசில். சாமை வயலோரமாக ஏறி, மரவள்ளிக் கொல்லையைத் தாண்டி, சரிவில் மரக்கூட்டத்துக்குள் பாதை இறங்கியது. குறிகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சங்கவி தாளில் வரைந்துகொண்டு வந்தாள். பதினேழாவது குறி ஓர் அம்பு. ஓடைப் பக்கம் காட்டியது. அதற்கப்புறம் எதுவும் இல்லை.

சுற்றிச் சுற்றித் தேடினார்கள். எதிரே மேட்டிலிருந்து முதல் இரண்டு அணிகளின் பையன்கள் பேசிச் சிரித்துக்கொண்டு முகாமுக்குத் திரும்பும் சத்தம் கேட்டது.

"அவங்க முடிச்சிட்டுப் போய்க்கினு இருக்காங்க" என்றாள் தமிழ்மொழி. "இதான் கடைசி போல. வா, போலாம். முட்டைக்கு மண்ணு பூசி வெக்கணும், நேரமாவுது."

"முடிவுக் குறி எங்க?" என்றாள் தேவதர்ஷினி.

"மாடு கீடு மெறிச்சிருக்கும்."

"பதினேழு குறிய மெறிக்காத மாடு அத மட்டும் மெறிச்சுதா?"

"இன்னாடி இப்ப, மறந்திருப்பாரு."

தேவதர்ஷினி அவளையே பார்த்தாள். "ஷூ லேஸுக்கு மார்க் கொறைக்கிற ஆளு முடிவுக் குறிய மறப்பாரா?"

தட்டு ஸ்டாண்டின் மேல் வைத்த அந்த ஒற்றை விரல் ஐந்து பேருக்கும் ஞாபகம் வந்தது. அவர் மறக்கிற ஆள் இல்லை. அப்படியென்றால் அவர் வழியை முடிக்கவே இல்லை.

"சாருக்கு இன்னாமோ ஆயிடுச்சு" என்றாள் கனிஷ்கா மெல்ல.

கையேட்டில் இருந்தபடியே தேடினார்கள். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியும் தூரத்தில் பரவி நின்று, இருபது அடிக்கு ஒரு தரம் விசில் ஊதி, ஓடையை நோக்கி இறங்கினார்கள். ஓடைச் சத்தம் பெரிதாக இருந்தது. நர்மதாதான் கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினாள். "பதில் விசில் கேக்குது."

ஓடைக்குள், கரையை ஒட்டிய ஒரு பாறையில் காசிநாதன் சார் உட்கார்ந்திருந்தார். ஒரு காலை நீட்டிக்கொண்டு, தொப்பி இல்லாமல், இடுப்பு வரை நனைந்து. பாசியில் வழுக்கிக் கணுக்கால் மடங்கிவிட்டது. செல்போன் தண்ணீரோடு போய்விட்டது. ஏழு மணியிலிருந்து விசில் ஊதி ஊதி வாய் வெளுத்திருந்தது. ஆனால் அட்டை மட்டும் பிளாஸ்டிக் உறைக்குள் நனையாமல் மடியில் இருந்தது.

இவர்களைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனாவது அணி?"

"மூணாவது சார்."

"மத்த ரெண்டு?"

"திரும்பிப் போயிட்டாங்க சார்."

"முடிவுக் குறி பாக்காமயா?" அவருக்குக் கால் வலியைவிட அது அதிகமாக வலித்தது போலிருந்தது.

கணுக்கால் பந்து மாதிரி வீங்கியிருந்தது. ஷூவைக் கழற்றாமல் ஸ்கார்ஃபால் எட்டு வடிவில் கட்டினாள் தேவதர்ஷினி. இரண்டு பேரை முகாமுக்கு அனுப்பிவிட்டு மற்றவர்கள் காவல் இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். அதற்குள் நர்மதா குனிந்து தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தாள். "தேவா, தண்ணி செவக்குது. மேல நல்ல மழை. கொஞ்ச நேரத்துல இந்தப் பாறை முழுகிடும். இங்க இருக்கக் கூடாது."

சார் வாயைத் திறந்தார். நர்மதா அவரைப் பேச விடவில்லை. "சார், மொதல்ல கரையேறுங்க." இரண்டு பேர் தோளைக் கொடுக்க, ஒற்றைக் காலில் துள்ளித் துள்ளிக் கரைக்கு வந்தார். பத்து நிமிஷத்தில் அவர் உட்கார்ந்திருந்த பாறையின் மேல் செந்தண்ணீர் வழிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மண் சாலை மேலே முந்நூறு அடி தூரத்தில் இருந்தது. செங்குத்தில்லை, ஆனால் ஏற்றம். ஒற்றைக் காலில் அவரால் ஏற முடியாது.

"ஸ்ட்ரெச்சர் கட்டலாம்" என்றாள் தேவதர்ஷினி.

"ரெண்டு மூங்கில் வெட்டினு வரவா?" என்று சங்கவி எழுந்தாள்.

"பச்சை மரத்துல கை வெச்சா அஞ்சு மார்க்" என்றார் சார்.

எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, தமிழ்மொழியைத் தவிர. அவள் கைத்தடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். இவர்களுடையது ஐந்து, சாருடையது ஒன்று. ஆறு. இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டினால் பக்கத்துக்கு ஒரு நீளக் கம்பு வரும். மிச்சம் இரண்டும் குறுக்கே. கயிறுகளை வலை போல இழுத்துக் கட்டி, ஐந்து துப்பட்டாக்களையும் அதன் மேல் விரித்து முடிந்தார்கள். இரண்டு நாளுக்கு முன் சரிந்து விழுந்த அதே கட்டுதான். இந்த முறை ஒவ்வொரு சுற்றுக்கும் காலை ஊன்றி இழுத்து இறுக்கினாள் தமிழ்மொழி. அவள் கைகளில் கயிறு பதிந்து சிவந்தது.

"நோயாளிய வெக்கறதுக்கு முன்னாடி நம்ம ஆளு ஒருத்தர் படுத்துச் சோதிக்கணும்" என்றாள் தேவதர்ஷினி. நர்மதா படுத்தாள். தூக்கியபோது தலைப் பக்கத்தில் ஒரு கட்டு நெறுநெறுவென்று நழுவியது.

"கனிஷ்கா, அட்டைய எடு" என்றார் சார். "எழுது. கட்டு தளர்வு, அரை."

கனிஷ்காதான் அணியில் சின்னவள். தூக்கும் வேலை அவளுக்கு இல்லை. சிவப்புப் பேனாவை வாங்கிக்கொண்டு, அணித் தலைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எழுதினாள்.

கட்டை அவிழ்த்து மறுபடி கட்டினார்கள். சார் படுத்தார். நான்கு பேர் நான்கு மூலையில் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று தூக்கியபோது தேவதர்ஷினிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனால் ஸ்ட்ரெச்சர் தாங்கியது.

"எம்மாம் எட சார் நீங்க?" என்றாள் தமிழ்மொழி பல்லைக் கடித்துக்கொண்டு.

"எழுபத்தெட்டு. நேரா பாத்து நட."

முப்பது அடி நடந்து இறக்கி வைப்பார்கள், மூச்சு வாங்குவார்கள், மறுபடி தூக்குவார்கள். வானத்தைப் பார்த்துப் படுத்தபடி சார் மார்க் போட்டுக்கொண்டே வந்தார். "எழுது. கால் ஒத்து நடக்கல, கால் மார்க் கம்மி... எழுது. இடது பின்பக்கம் தாழ்வு."

இடது பின்பக்கம் சங்கவி. மூக்கை உறிஞ்சிக்கொண்டு தோளை உயர்த்தினாள்.

"இன்னும் ஒண்ணு எழுது. நோயாளியோட கால்தான் முன்னாடி போவணும். இவங்க தலைய முன்னாடி வெச்சுத் தூக்கினு போறாங்க. ஒரு மார்க்."

தேவதர்ஷினி நின்றாள். நின்றதும் எல்லாரும் நின்றார்கள். வியர்வை கண்ணில் விழ விழச் சொன்னாள்: "ஏத்தத்துல தலைதான் சார் முன்னாடி. எறக்கத்துலயும் சமதளத்துலயும்தான் காலு. புத்தகத்துல இருக்குது."

சார் தலையைத் திருப்பி அட்டை இருந்த பக்கம் பார்த்தார்.

"கனிஷ்கா."

"சார்."

"அந்த ஒரு மார்க்க அடிச்சிடு." பிறகு, "என் தப்பு" என்றார்.

அதற்கப்புறம் மேடு ஏறும் வரை அவர் மார்க் எதுவும் குறைக்கவில்லை. கடைசி இருபது அடியில், "மெதுவா வாங்கம்மா, அவசரமில்ல" என்றார். அந்தக் குரலை அவர்கள் அதுவரை கேட்டதில்லை.

மண் சாலையில் வண்டிச் சத்தம் கேட்டது. இரண்டு அணிகள் திரும்பி வந்தும் தேர்வாளரையும் மூன்றாவது அணியையும் காணோம் என்று பயந்துபோய், மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு போன கரியன் என்பவரின் சரக்கு வண்டியை மறித்து ஏறித் தேடி வந்திருந்தார் மணிமொழி டீச்சர். வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து ஓடி வந்தவர், பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாரைப் பார்த்தார்.

"இன்னா சார் இது!"

"முதலுதவித் தேர்வு டீச்சர்" என்றார் அவர் படுத்தபடியே. "நடந்துகினு இருக்குது."

கிழங்கு மூட்டைகளின் மேல் ஸ்ட்ரெச்சரோடு ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். எலும்பில் சின்ன விரிசல். மாவுக்கட்டுப் போடப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அவர் முகாமுக்குத் திரும்பும்போது மணி நாலரை ஆகிவிட்டது. நேராக வீட்டுக்குப் போகச் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

அதற்குள் மழை ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்திருந்தது. பெண்கள் அணிக்குச் சமையல் தேர்வு பாக்கி இருந்தது. ஈரமில்லாத விறகு எங்கும் இல்லை. நர்மதா மரத்திலேயே காய்ந்து தொங்கிய சுள்ளிகளாகப் பார்த்து ஒடித்து வந்தாள். இரண்டு தீக்குச்சிதான் அனுமதி. முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதில் பிடித்துக்கொண்டது. மண் பூசிய முட்டை, சுட்ட கத்திரிக்காய், இலையில் பொதிந்து கங்கில் புதைத்த கிழங்கு. காசிநாதன் சார் நாற்காலியில் உட்கார்ந்து, மாவுக்கட்டுக் காலை ஸ்டூலில் நீட்டி, எல்லாவற்றையும் தின்று பார்த்தார். கிழங்கு நடுவில் வேகவில்லை. ஒரு மார்க் குறைத்தார். அப்புறம் அந்தக் கிழங்கை இன்னொரு துண்டு கேட்டார்.

கொடி இறக்குவதற்கு முன் முடிவு சொன்னார்கள். முடிவுக் குறி இல்லாமல் திரும்பி வந்த இரண்டு அணிகளுக்கும் வழிக்குறித் தேர்வில் பாதி மார்க் போயிருந்தது. ஆனாலும் ஒரு பையன்கள் அணி மொத்தத்தில் அரை மார்க் அதிகம் வாங்கி முதலிடத்துக்கு வந்தது. பெண்கள் அணி இரண்டாவது.

"அரை மார்க்கா? உங்களத் தூக்கினு வந்த பிள்ளைங்க சார்!" என்றார் மணிமொழி டீச்சர், அடக்க முடியாமல்.

"கட்டு தளர்ந்தது தளர்ந்ததுதானே டீச்சர். அதுல படுத்தவன் நான். எனக்குத் தெரியாதா?" என்றார் சார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "மத்த கட்டுங்க மேல நூறு தடவ படுப்பேன். அம்மாம் நல்லா இருந்துச்சு."

முதலில் சிரித்தது தமிழ்மொழி. அப்புறம் மைதானமே சிரித்தது. முதலிடம் வாங்கிய பையன்கள்தான் கூட்டத்தில் பலமாகக் கை தட்டினார்கள்.

டீச்சரின் போனுக்கு மைதானத்தின் ஒரு மூலையில் மட்டும் சிக்னல் கிடைத்தது. தேவதர்ஷினி அங்கே போய் நின்று அம்மாவைக் கூப்பிட்டாள். ஓடையையும் செந்தண்ணீரையும் ஸ்ட்ரெச்சரையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அம்மா அழுகிறாளோ என்று அவளுக்குத் தோன்றியது.

"எழுபத்தெட்டு கிலோவா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

"வூட்ல ஒரு கொடம் தண்ணி எடுத்தாடின்னா இடுப்பு வலிக்குதும்ப!"

பக்கத்தில் நின்ற நான்கு பேருக்கும் அது கேட்டுவிட்டது.