குதிக்காத வெட்டுக்கிளிகள்

1999 நவராத்திரியின் ஆறாம் நாள், வெள்ளிக்கிழமை, சில்வண்டு டப்பா காலியாயிற்று.

பிளானோவில் கஸ்தூரிரங்கன் வீட்டு மாடியில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் வால்டர். மகள் அனன்யா வளர்க்கும் பியர்டட் டிராகன். கோபம் வந்தால் தாடை கறுத்து உப்பும் ஓணான். அனன்யா பள்ளி ஆர்க்கெஸ்ட்ராவோடு ஹூஸ்டன் போயிருந்தாள். போகும் முன் அப்பாவைத் தொட்டிக்கு முன்னால் நிறுத்தினாள்.

"ஒன்லி ஃப்ரம் தி ஸ்டோர், அப்பா. நத்திங் ஃப்ரம் அவுட்சைட். ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்டா."

கடை பிரஸ்டன் ரோட்டில்தான். அவர் கார் சாவியை எடுத்தார்.

"எங்க கிளம்பிட்டேள்?" என்றாள் மனைவி வைதேகி. கொலுப்படிக்கு முன்னால் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வால்டருக்குச் சாப்பாடு."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா, உயிரோட பூச்சியைக் காசு குடுத்து வாங்குவேளா? போன வருஷம் ஒண்ணு தப்பிச்சு, பத்மநாபன் மாமி பாடறச்சே படிக்கடியிலேர்ந்து கத்தித்தே, மறந்துடுத்தா?"

"மாமியைவிட அதுக்கு சுருதி சுத்தம்."

"போறும். கொலு முடியட்டும். அதுவரைக்கும் கீரை தின்னட்டும்."

சாவியை மாட்டிவிட்டார். சாயங்காலம் மாமிகள் வந்தார்கள். செருப்புகளை வாசலில் விட்டுப் புல்லோரமாக வெறுங்காலோடு நின்று பேசினார்கள். போன வருஷம் இப்படி நின்றவர்களை நெருப்பெறும்பு பதம் பார்த்துவிட்டது. அதனால் இந்த முறை அவர் புதன்கிழமையே ஆள் வைத்து, வீட்டுக்கு முன்னும் பின்னும் புல் முழுக்கப் பூச்சிமருந்து அடித்திருந்தார். ஒருவரையும் கடிக்கவில்லை. அவருக்குத் திருப்தியாக இருந்தது.

வால்டர் கீரையைத் தொடவில்லை. மறுநாள் காலை கண்ணாடியில் கை வைத்து எழுந்து நின்று அவரையே பார்த்தது.

காபியோடு பின்பக்கம் போனார். வேலியோரப் புல்லில் வெட்டுக்கிளிகள். பச்சைப்பசேலென்று, கடை டப்பாவில் அடைந்து கிடக்கும் பழுப்புச் சில்வண்டுகளைவிடக் கொழுகொழுவென்று இருந்தன. காசு கொடுத்து வாங்கவில்லை. நம் தோட்டத்தில் விளைந்தது. வைதேகியும் ஒன்றும் சொல்ல முடியாது. நல்லதாகப் பார்த்து நான்கைந்து பொறுக்கினார். குனிந்து விரலால் எடுத்தாலே வந்தன. ஒன்றுகூடக் குதிக்கவில்லை. குளிரில் மரத்துப்போயிருக்கின்றன என்று நினைத்தார்.

வால்டர் ஒவ்வொன்றாக நாக்கை நீட்டி இழுத்துக்கொண்டது. இன்னும் வேண்டும் என்பதுபோல் தலையைச் சாய்த்தது. போய் இன்னும் இரண்டு கொண்டுவந்தார்.

இரவு அதன் கால்கள் வெட்டி இழுத்தன. ஞாயிறு மதியம் விளக்குக்கடியில் மல்லாந்து கிடந்தது. அப்போதுதான் அவருக்குப் புதன்கிழமை ஞாபகம் வந்தது.

வைதேகி மாடிப்படியிலேயே நின்றுவிட்டாள். "கடைக்கே போயிருக்கலாம். நான்தான்..." என்றாள்.

அவர் தலையாட்டவில்லை. அவள் போக வேண்டாம் என்றாள், அவ்வளவுதான். புல்லுக்குப் போகச் சொல்லவில்லை.

சாயங்காலம் அனன்யா வயலினை வாசலிலேயே வைத்துவிட்டு மாடிக்கு ஓடினாள். அவர் பின்னால் ஏறினார். சொல்ல வேண்டியதைப் படிக்குப் படி சேர்த்துக்கொண்டு போனார்.

அவள் வால்டரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டிருந்தாள். அழவில்லை. தொட்டியின் மணலில் ஒரு பச்சைப் பூச்சி இறக்கை கிடந்தது. அதைப் பார்த்தாள். பிறகு அவரை.

"யூ வென்ட் டு தி ஸ்டோர், ரைட், அப்பா?"