பதினோரு புளியங்கொட்டை

9-2-1985, சனி. நாமக்கல்.
இன்று ஒரு பிழை செய்தேன். பரமத்திக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் மூன்று கல்லை எண்ணாமல் விட்டுவிட்டேன். பதினான்கு கொட்டை வலது பைக்கு வந்திருக்க வேண்டும். பதினொன்றுதான் வந்திருக்கிறது. கவனக்குறைவு. வேறு காரணம் இல்லை.

இவ்வளவு எழுதிவிட்டு மாரக்காள் பேனாவை மூடினாள். மூடியவள் மறுபடி திறந்தாள். ‘வேறு காரணம் இல்லை’ என்ற வரியின் மேல் பேனா முனை நின்றுகொண்டே இருந்தது.

மகளிர் சைக்கிள் போட்டிக்கு வந்த பெண்களைப் பள்ளிக்கூடம் ஒன்றில் தங்க வைத்திருந்தார்கள். மூன்று நாள் போட்டி. முதல் நாள் ராசிபுரத்திலிருந்து திருச்செங்கோடு. இரண்டாம் நாள் திருச்செங்கோட்டிலிருந்து ஜேடர்பாளையம் அணையைச் சுற்றிக்கொண்டு நாமக்கல். மூன்றாம் நாள் நாமக்கல்லிலிருந்து சேலத்தைத் தாண்டி, மலைப்பாதை தொடங்கும் கொண்டப்பநாயக்கன்பட்டி வரைக்கும். மூன்று நாள் நேரத்தையும் கூட்டிப் பார்த்து, குறைந்த நேரம் யாருக்கோ அவள் ஒருத்தி மட்டும் மாவட்டத்தின் பெயரில் மெட்ராஸ் போட்டிக்குப் போவாள். பத்தொன்பது பேர் கிளம்பி, இப்போது பன்னிரண்டு பேர் மிச்சம்.

மாரக்காள் ராசிபுரத்தில் ஒரு சேகோ ஆலையில் பகலெல்லாம் ஜவ்வரிசியைக் காலால் துழாவிக் காய வைப்பவள். சாயங்காலம் டைப்ரைட்டிங் வகுப்பு. லீவு கேட்டபோது மேஸ்திரி சிரித்தார். “ஜவ்வரிசி மிதிச்ச காலு மெட்ராஸுல போயி என்ன மிதிக்கப் போவுது?” அந்தக் கால்தான் முதல் நாள் எல்லோருக்கும் முன்னால் திருச்செங்கோடு போய்ச் சேர்ந்தது. இரண்டாவதாக வந்த சௌந்திரத்தைவிட ஒரு நிமிடம் ஐம்பது விநாடி முன்னால்.

சௌந்திரமும் அதே டைப்ரைட்டிங் வகுப்புதான். நாற்பது ஏக்கர் கிணற்றுப் பாசனக் குடும்பம். அண்ணன் ராசப்பனுக்கு நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை. வகுப்பில் சேர்ந்த முதல் வாரம் மாரக்காள் “ஏனுங்க, அந்த டைப் சீட்ட இப்பிடிக் குடுங்க” என்று கேட்டதற்கு, “இந்த ங்க எல்லாம் எங்கூட்டு ஆளுககிட்ட வெச்சுக்க. என்னய நீன்னே கூப்புடு புள்ள” என்றவள். சைக்கிள் போட்டி நோட்டீசை வகுப்புக்குக் கொண்டுவந்ததும் அவள்தான்.

இருவருக்கும் ஒரு பேச்சு இருந்தது. தை, மாசியில் கிழக்குக் காற்று. ஜேடர்பாளையம் திரும்பினால் நாமக்கல் வரை அது நெஞ்சிலே மோதும். முன்னால் போகிறவள் காற்றைக் கிழிக்க, ஒட்டிப் பின்னால் போகிறவளுக்குப் பாதி பாரம் குறையும். அதனால் கல்லுக்கு ஒருத்தி. ஒரு கிலோமீட்டர் கல் முதல் அடுத்த கல் வரை இவள் முன்னால், பிறகு அவள். ஏமாற்றம் வராமல் இருக்க மாரக்காள் இடது பையில் புளியங்கொட்டை போட்டுக்கொண்டாள். கல் வந்தால் ஒரு கொட்டை வலது பைக்கு.

பரமத்தி தாண்டி ‘நாமக்கல் 17’ என்ற கல் வரைக்கும் ஒரு குழப்பமும் இல்லை. அங்கே வலது பையைக் காலி செய்துவிட்டுப் புதிதாக எண்ணத் தொடங்கினாள். அதற்கப்புறம் கல்லெல்லாம் புதிதாக வெள்ளையடித்து, எழுத்து எழுதாமல் கிடந்தன. காற்றுக்குத் தலையைக் குனிந்து மிதித்தவளுக்கு ஓரக்கண்ணில் வெள்ளையாக ஏதோ தட்டியது. கொட்டையை மாற்றிவிட்டு ஒதுங்கக் கையைத் தூக்கினாள். பின்னாலிருந்து சௌந்திரம், “அது பாலத்துக் கல்லு புள்ள. இன்னும் போ” என்றாள். மாரக்காள் கொட்டையைத் திரும்ப இடது பையில் போட்டாள். அப்படி மூன்று தடவை.

மீண்டும் எழுத்தோடு வந்த கல்லில் ‘நாமக்கல் 3’ என்று இருந்தது. அவள் கணக்குப்படி இன்னும் ஆறு இருக்க வேண்டும். குழம்பிப்போய்ப் பையைத் தொட்டுப் பார்த்த அந்த நேரத்தில் சௌந்திரம் பெடலில் எழுந்து நின்று மிதித்துப் பறந்துவிட்டாள். மாரக்காளின் தொடை கல்லாகிக் கிடந்தது. ஒரு நிமிடம் முப்பத்திரண்டு விநாடி பின்னால் வந்து சேர்ந்தாள். ஒரு நிமிடம் ஐம்பது விநாடி சேர்த்து வைத்ததில் இப்போது கையில் இருப்பது பதினெட்டு விநாடி.

மூன்று தடவை திருப்பிப் போட்டேன். மூன்று குறைகிறது.

பேனாவை மூடிப் பைக்குள் வைத்தாள். சௌந்திரத்தைச் சந்தேகப்பட அவள் போகவில்லை. தன் பிழைதான் என்று உறுதி செய்துகொண்டால் நிம்மதியாகப் படுக்கலாம் என்றுதான் பரமத்தி டவுன் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

பஸ் எதிர்த் திசையில் போனதால் கடைசியாகக் கை தூக்கிய இடம் முதலில் வந்தது, கோழிப்பண்ணைக்கு எதிரே. அங்கே தலை உருண்ட கிலோமீட்டர் கல் நின்றது. பாலம் இல்லை. இரண்டாவது, தென்னந்தோப்பு மோட்டார் கொட்டகை. பாலம் இல்லை. முதல் தடவை கை தூக்கிய இடம், செங்கல் சூளை. கழுத்தை வெளியே நீட்டிப் பார்த்தாள். சாலை தட்டையாக ஓடியது. ஒரு வாய்க்கால்கூடக் கிடையாது.

பரமத்திக்கு முன்பே இறங்கிவிட்டாள். சாலைப் பணியாள் ஒருவர் புளியமரத்து நிழலில் சுண்ணாம்பு டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். அருணகிரி என்று பேர் சொன்னார்.

“இந்தக் கல்லுக்கெல்லாம் எழுத்து எப்பங்க எழுதுவாங்க?”

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “அதென்ன அம்மிணி, இந்தக் கல்லு மேல ஊரு பொண்ணுகளுக்கெல்லாம் அப்பிடி ஒரு ஆசை? புதங்கெழம இதையே ஒரு பொண்ணு வந்து கேட்டுச்சு.”

“யாருங்க?”

“புல்லட்டுல அவிங்கண்ணனோட வந்துச்சு. பட்டறைக்காரர் ராசப்பன், எனக்குத் தெரியும். ஞாயித்துக்கெழமைக்குள்ள எழுதிருவீங்களான்னாங்க. பெயிண்டர் திங்கக்கெழமதான் வாரான்னேன். டீக்குக் காசு குடுத்துட்டுச் சிரிச்சுக்கிட்டே போனாங்க.” பீடியை இழுத்தார். “ஏன் சாமி, மொகம் ஏன் இப்பிடிப் போச்சு? தண்ணி கிண்ணி வேணுமா?”

“வேண்டாங்க” என்றாள்.

புதன்கிழமை. போட்டி தொடங்க இரண்டு நாள் முன்பு. அன்று சாயங்காலம்தான் வகுப்பு முடிந்து சௌந்திரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “கல்லுக்கு ஒருத்தி, சரியா? நீயே எண்ணு, உங்கணக்குதான் சரியா இருக்கும்” என்றாள்.

திரும்பி வந்ததும் போட்டி நடத்தும் தீர்த்தகிரி மாஸ்டரிடம் போனாள். அவர் முழுவதையும் கேட்டார். “அது நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்ட பேச்சும்மா. ரூல்ல இல்ல. நான் பாக்கறது கடியாரம் ஒண்ணத்தான்.” நியாயமாகத்தான் பட்டது.

சௌந்திரம் வராந்தாவில் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். “எங்க புள்ள போன? நாளைக்கு அறுபது கிலோமீட்டரு இருக்குது. காலுக்கு ஓய்வு குடுக்காம சுத்திக்கிட்டு.”

“செங்கச்சூளைகிட்ட பாலம் இல்லீங்க.”

சௌந்திரத்தின் கை சங்கிலியிலேயே நின்றது. “என்ன, புதுசா ங்க?”

“கோழிப்பண்ணைகிட்டயும் இல்லீங்க. புதங்கெழம நீங்களே பாத்திருப்பீங்களே.”

பொய் சொல்லப் போகிறாள் என்று மாரக்காள் காத்திருந்தாள். பொய் சொல்லியிருந்தால் நம்பவும் தயாராக இருந்தாள்.

“மெட்ராஸுக்கு ஒருத்திதான் போவா” என்றாள் சௌந்திரம். “காத்த அவ குடிக்கட்டும், கடைசி மூணு கல்ல நீ பாத்துக்கன்னு எங்கண்ணன்தான் சொன்னான்.”

“அப்பறம் வந்து பாத்து நான் கண்டுபுடிச்சிருவனே. அந்தப் பயம்கூட இல்லீங்களா?”

“நீயா?” சௌந்திரம் நிமிர்ந்தாள். சிரிப்பு போலவும் இல்லை, சிரிக்காதது போலவும் இல்லை. “கிளாஸ்ல சீட்ட மாத்தித் திருத்துவமே. ஐப்பசில ஒருக்கா, உன் சீட்டுல தப்பே இல்லாத எடத்துல செவப்பு இங்க்குல ஒரு சுழி போட்டேன். சும்மா, வெளாட்டுக்கு. ஏன்னு ஒரு வார்த்த கேட்டியா? முழுச் சீட்டையும் திரும்ப அடிச்சுக் கொண்டாந்த. இல்லாத தப்பையும் ஒத்துக்கற ஆளு நீ. உன்னய ஏமாத்த நான் எங்க கஷ்டப்பட்டேன்?”

மாரக்காளுக்கு அந்தச் சீட்டு நினைவுக்கு வந்தது. சுழி போட்ட சொல்லை விளக்கடியில் பிடித்துப் பிடித்துப் பார்த்து, எது தப்பு என்று புரியாமல், புரியாததும் தன் குறையே என்று எண்ணி, அன்றைய நாட்குறிப்பில் எழுதியும் வைத்தாள். மூன்று கல் போனதை நாளைக்குப் பிடித்துவிடலாம். அந்தச் சுழியை என்ன செய்வது? ஐப்பசியிலிருந்து இவள் தன்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள், சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல.

“நாளைக்கும் காத்து அடிக்கும்” என்றாள் சௌந்திரம், குரலைத் தாழ்த்தி. “ராசிபுரம் வரைக்குமாச்சும் கல்லுக்கு ஒருத்தியா போலாம். தனியாப் போனா ரெண்டு பேரையும் பின்னால வாரவளுக புடிச்சிருவாளுக. இந்தத் தடவ எழுத்து இருக்கற கல்லுதான்.”

அது உண்மை. தனியாகப் போனால் பதினெட்டு விநாடி வழியில் இருக்கும் மல்லூர் வரைகூடத் தாங்காமல் போகலாம். மாரக்காளுக்கு அந்தக் கணக்கும் தெரிந்தது.

“இல்லீங்க” என்றாள். “நான் தனியாவே வாரேன்.”

உள்ளே வந்து நாட்குறிப்பை எடுத்தாள். முன்பு எழுதியதை அடிக்க மனம் வரவில்லை. அடித்தல் திருத்தல் இல்லாமல் கீழேயே தொடர்ந்தாள்.

மேலே எழுதியது சரியல்ல. நான் பதினான்கு கல்லையும் எண்ணினேன். மூன்று கொட்டையை ஒருத்தி சொன்னதை நம்பித் திருப்பிப் போட்டேன். பாலம் இல்லை என்று பஸ்ஸில் போய்ப் பார்த்தாயிற்று. ஐப்பசி மாதம் டைப் சீட்டில் தப்பு என்று எழுதியதும் சரியல்ல. அதில் தப்பே இல்லை.

இதைப் படித்துப் பார்த்தாள். ஒருமுறை போதும் என்று தோன்றவில்லை, மறுபடியும் படித்தாள். சரியாகத்தான் இருந்தது. அழுகை வந்தது, பக்கத்துப் படுக்கைக்காரி பார்க்கும் முன் துடைத்துக்கொண்டு கடைசி வரிகளை எழுதினாள்.

நாளை ஞாயிறு. ஐந்து மணிக்கு எழ வேண்டும். பின் சக்கரத்துக்குக் காற்று அடிக்க வேண்டும். இடது பையில் அறுபது கொட்டை எண்ணிப் போட வேண்டும். ஆறு மணிக்குக் கொடி காட்டுவார்கள். யார் பின்னாலும் ஒட்டாமல், யாரையும் ஒட்ட விடாமல், கொண்டப்பநாயக்கன்பட்டி வரை மிதிக்க வேண்டும்.