வாகரை மச்சாள்

"உங்கட தங்கச்சியை அறைக்குள்ள இருக்கச் சொல்லுங்கோ. மாப்பிள்ளை வீட்டார் வந்திட்டுப் போனாப்பிறகு வெளியில வரட்டும்."

ஞானேஸ்வரி இதைச் சொன்னபோது வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். அதனால் கண் கலங்கியிருந்ததற்கு யாரும் காரணம் கேட்கவில்லை. அவளுடைய கணவர் மதிவதனன் சுவிசின் எம்மன்புரூக்கே இரும்புத் தொழிற்சாலையில் இயந்திரச் சத்தத்துக்கு மேலாகக் கத்திப் பழகியவர். வீட்டில் மட்டும் அவருக்குக் குரல் எழும்பாது.

"அவள் விருந்துக்கு வந்தவளெல்லோ, ஞானேஸ்."

"வந்தவ தான். ஆரெண்டு கேட்டா என்ன சொல்லுறது?"

அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் ஒருநாளும் பதில் இருந்ததில்லை. மதிவதனன் வாகரைக்கு அப்பால் கடலும் காடும் சேருகிற இடத்தில் பிறந்தவர்; கரையோர வேடர் குடி. ஞானேஸ்வரி யாழ்ப்பாணத்தாள். இருவரும் சுவிசுக்கு வந்த புதிதில் அகதி முகாமில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். "மாப்பிள்ளை மட்டக்களப்பு டவுன், நல்ல ஆக்கள்" என்று அவள் ஊருக்கு எழுதினாள். அன்றிலிருந்து மதிவதனன் டவுன்காரர். டவுனைப் பற்றி யாராவது விசாரித்தால் அவர் உடனே மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார்.

மகள் துஷாந்திக்கு இதெல்லாம் தெரியும். அவள் லூசேர்ன் ஏரியில் ஒரு கிழ மீனவரிடம் தொழில் பழகி, இப்போது அவரோடு சேர்ந்து வலை போடுகிறாள். கிழவர் ஓய்வு எடுக்கப் போகிறார். புதுவருடத்திலிருந்து படகும் லைசென்சும் அவள் பெயருக்கு மாறும். இன்றைக்கு டீட்டிகோனிலிருந்து சாப்பிட வருகிற மாப்பிள்ளை வீட்டாருக்கு ஞானேஸ்வரி சொல்லியிருந்தது, "பிள்ளைக்குச் சுற்றுச்சூழல் வேலை" என்று. ஏரியும் சுற்றுச்சூழல்தானே என்பது அவளுடைய வாதம்.

"அம்மா, மாமியை ஏரி மீனவர் சங்கம் பிளேன் ரிக்கற் அனுப்பிக் கூப்பிட்டிருக்கு," என்றாள் துஷாந்தி. "நீங்க அவவை அறைக்குள்ள பூட்டப்போறீங்களோ?"

"ஆர் பூட்டினது? கதவைச் சாத்திறது, அவ்வளவுதான்."

பேச்சுக்குரியவள் சோபாவின் நுனியில் இருந்து கம்பளிக் காலுறையோடு போராடிக்கொண்டிருந்தாள். ஜெயந்தி அண்ணனைவிட நன்றாக இளையவள்; வெயிலில் காய்ந்த முகம், பெரிய சிரிப்பு.

"ஏன்கா சண்ட புடிக்கிறீங்க? நான் அறைக்குள்ள இரிக்கன். கட்டில் நல்ல மெத்து மெத்தெண்டு இரிக்கி. மறுகா சோறு மட்டும் உள்ளுக்குத் தாங்க, மச்சாள்."

ஜெயந்தியின் குடியினர் தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் படகில் கூலிக்கு வலை இழுத்தவர்கள். மீனைக் கொண்டுபோகிற வியாபாரி சொன்னதே விலை. அதை மாற்றியது அவள் தலைவியாக இருக்கிற சங்கம். இப்போது அவர்களுக்குச் சொந்தப் படகுகள் இருக்கின்றன. பாதிக்கு மேல் பெண்கள் பெயரில். இறால் குஞ்சு பொரிக்கிற மாதங்களில் ஆற்றுவாயில் வலை போடுவதில்லை என்று அவர்களே முடிவெடுத்தார்கள். முதலில் சிரித்த பக்கத்துக் கிராமங்களும் பிறகு சேர்ந்துகொண்டன. கட்டாருக்குப் போன இளசுகளில் சிலர் திரும்பி வந்து படகு கேட்கிறார்களாம். துஷாந்தி ஒரு பருவம் அங்கே போய் நின்று பார்த்துவிட்டு வந்து சொன்ன கதைதான், ஏரி மீனவர்களைத் தங்கள் கூட்டத்துக்கு ஜெயந்தியை அழைக்க வைத்தது.

அழைப்பு மணி அடித்தது. டீட்டிகோன்காரர்கள் சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டார்கள். சுவிசில் நெடுங்காலம் இருந்தவர்களுக்கு வருகிற வியாதி அது. கதவுக்குக் கிட்ட இருந்தவள் ஜெயந்தி. திறந்துவிட்டாள்.

வாசலில் இரவீந்திரனும் இந்திராவும், பின்னால் பழப் பெட்டியோடு மகன் நிலனும் நின்றார்கள். இந்திரா ஒரு கணம் ஜெயந்தியை உற்றுப் பார்த்தாள். பிறகு கூவினாள்.

"ஐயோ, இவ தானே நேற்று டிவியில வந்தவ! மந்திரியோட நிண்டு கை குடுத்தவ!"

லூசேர்ன் மாநில மந்திரி ஒருவர் கூட்டத்தைத் தொடக்கிவைத்தது உள்ளூர்ச் செய்தியில் வந்திருந்தது. இந்திரா ஜேர்மன் பாஷையைப் படித்தது, தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சமையலறையில். செய்தியில் பாதி விளங்கும், மீதியை அவளே நிரப்பிக்கொள்வாள். இலங்கையிலிருந்து மீன்பிடித்துறைக்குப் பொறுப்பான பெரிய ஆள் ஒருத்தி வந்திருக்கிறாள் என்பது அவள் நிரப்பியது.

"இவ உங்களுக்கு என்ன முறை?"

மதிவதனன் மழையைப் பற்றிக் கதைக்க வாயெடுத்தார். வெளியே நல்ல வெயில்.

"என்ர தங்கச்சி," என்றார்.

அதற்குப் பிறகு சாப்பாடு வரை நடந்ததெல்லாம் இந்திராவின் விழா. ஜெயந்தியைத் தன் பக்கத்தில் இருத்தினாள். தோளில் கைபோட்டுப் படம் எடுத்து, "எங்கட புதுச் சொந்தம்" என்று எழுதிக் குடும்பக் குழுவுக்கு அனுப்பினாள். மீன்குழம்பை ஜெயந்தியின் தட்டில் தானே ஊற்றினாள். ஞானேஸ்வரி நிறைந்திருந்த தம்ளர்களுக்கே திரும்பத் திரும்பத் தண்ணீர் ஊற்றினாள். நிலன் துஷாந்தியைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் தெரியும். தாயிடம் பாதியைத்தான் சொல்லியிருந்தான். மீதிப் பாதி இன்றைக்கு வரப்போகிறது என்பதும் தெரிந்துவிட்டது. தட்டில் இல்லாத முள்ளைத் தேடத் தொடங்கினான்.

"எங்கட ஆக்கள் இப்பிடி மேல வரோணும்," என்றாள் இந்திரா. பிறகு, யாழ்ப்பாணத்தார் சாதி என்ற ஒன்றையே கேட்பதற்கு வைத்திருக்கும் பல கேள்விகளில் மிக மென்மையானதை எடுத்தாள். "நீங்கள் மட்டக்களப்பில எந்தப் பகுதி?"

"டவுனுக்குப் போறதெண்டா எங்களுக்கு ரெண்டு பஸ் மாறணும்," என்றாள் ஜெயந்தி. "வாகரைக்கு அங்கால. நாங்க வேடர்."

இந்திரா சிரித்தாள். யாரும் கூடச் சிரிக்கவில்லை. சிரிப்பை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் இன்னும் கொஞ்சம் சிரித்துவிட்டு நிறுத்தினாள். இரவீந்திரனின் கை குழம்புக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

"அப்ப... நீங்களும்?" என்று மதிவதனனைக் கேட்டார் அவர்.

"அவள் என்ர கூடப்பிறந்தவள். பிறகு நான் வேறென்னவா இருக்கேலும்?"

சொன்ன பிறகு மதிவதனனுக்குத் தன் குரலே புதிதாக இருந்தது. இன்னொரு தரம் சோறு போட்டுக்கொண்டார்.

மேசையில் இந்திராவின் தொலைபேசி துள்ளத் தொடங்கியது. வாழ்த்துகள். யார் இவ, எங்கட ஆக்களோ என்ற விசாரிப்புகள். அவள் அவசரமாகப் படத்தை அழித்தாள். அதற்குள் லோசானில் இருக்கும் அவளுடைய பெரியண்ணை லக்ஷ்மணன் அதைத் தன் நண்பர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டிருந்தார்.

சாப்பாடு முடிந்ததும் இந்திரா ஞானேஸ்வரியைச் சமையலறைக்குள் கூட்டிப்போனாள்.

"அக்கா, எங்களுக்கு ஒண்டுமில்லை. சனம் இருக்கெல்லோ. கலியாணக் கார்ட்டில மட்டக்களப்பு எண்டு மட்டும் போடுவம். உங்கட மச்சாளுக்கு விசா கஷ்டம் தானே, கலியாணத்துக்கு வரோணுமெண்டில்லை. மற்றது, பிள்ளை ஏரிக்குப் போறவ எண்டு நிலன் சொன்னவன்... அது மீன் பிடிக்க எண்டு இப்ப தான் விளங்குது. அதை விட்டிட்டு ஒரு ஒபிஸ் வேலைக்குப் போகட்டும்."

ஞானேஸ்வரி தலையாட்டினாள். பழகிய தலை. இவ்வளவு காலமும் அவளே போட்டு வைத்திருந்த நிபந்தனைகளை இன்னொருத்தி வாயால் கேட்கும்போதுதான் அவை எவ்வளவு அசிங்கமாக இருக்கின்றன என்று தெரிந்தது. ஆனாலும் தலையாட்டினாள்.

வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த துஷாந்தி உள்ளே வந்தாள்.

"மாமி, படகை விடமாட்டன். எங்கட ஆக்கள் மற்றவன்ர படகில நிண்டது போதும்."

இந்திரா திரும்பி, வாசலில் வந்து நின்ற மகனைப் பார்த்தாள். நிலன் தொண்டையைச் செருமினான். பிறகு தண்ணீர் குடித்தான். பிறகு, "பஸ்சுக்கு நேரமாகுது அம்மா," என்றான். துஷாந்தி அவனுக்குப் போய்வா என்றுகூடச் சொல்லவில்லை. இரவீந்திரன் மட்டும் ஞானேஸ்வரி கட்டிவைத்த மீன்பொரியல் பொதியை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

நிலனுக்கு வாய் திறந்தது டீட்டிகோன் ரயிலில்தான்.

"படகில ஏறினவுடன சத்தி எடுக்கிறவன் நான். அப்ப தண்ணிப் பக்கம் போகாமல் விடவேண்டியது நான், அவளில்லை. கலியாணம் நடக்கும் அம்மா. நீங்க வாறீங்களோ இல்லையோ எண்டு யோசிச்சுச் சொல்லுங்கோ."

அன்று மாலையே அவன் எம்மன்புரூக்கேக்குத் திரும்பி வந்து இதைத் துஷாந்தியிடமும் சொன்னான். "இதைச் சாப்பாட்டு மேசையில சொல்லியிருந்தா உனக்கு இன்னொரு துண்டு மீன் போட்டிருப்பன்," என்றாள் அவள். ஆனால் உள்ளே விட்டாள்.

ஜெயந்தி ஊருக்குப் புறப்பட்ட நாளில் ஞானேஸ்வரிதான் சூரிச் விமான நிலையம் வரை கூடப் போனாள். பாதுகாப்புச் சோதனைக்குள் போகுமுன் ஜெயந்தி அவளுடைய கையைப் பிடித்தாள்.

"மச்சாள், எங்கள நீங்க வெளியில சொல்லல்லயெண்டு எனக்குக் கோவமில்ல. அண்ணன ஒருத்தரும் கேவலமாப் பார்க்கப்படாதெண்டு தானே செஞ்சீங்க. எனக்கு விளங்கும்."

ஞானேஸ்வரி ஓம் என்றாள். அது உண்மையில்லை என்று அவளுக்குத் தெரியும். கணவனை யாரும் கேவலமாகப் பார்க்கக்கூடாது என்பதல்ல, தன்னை யாரும் அப்படிப் பார்க்கக்கூடாது என்பதற்காக மறைத்தவள் அவள். அவளை ஜெயந்தி திட்டியிருந்தால் திரும்பத் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். ரயிலில் லூசேர்ன் வரை அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இதற்கிடையில் இந்திராவை மாற்றியது நிலனில்லை. அவளுடைய முதியோர் இல்லத்தின் தலைவி. அந்த அம்மாவும் டிவி பார்த்திருந்தாள். அதில் வந்த ஜெயந்தி இந்திராவுக்கு வரப்போகிற மருமகளின் அத்தை என்று எப்படியோ அறிந்து, சமையலறைக்கு இறங்கி வந்து, எல்லோருக்கும் முன்னால் இந்திராவின் இரண்டு கையையும் பிடித்து, "இண்டிகென்! என்ன பெருமை!" என்றாள். இந்திரா அங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த அம்மா அவளுடைய கையைப் பிடித்ததில்லை. ஜேர்மனில் இண்டிகென் என்றால் ஆதிக்குடி, அந்த மண்ணில் எல்லோருக்கும் முந்தியவர்கள். அந்தச் சொல் இந்திராவுக்கு இனித்தது. வீட்டுக்கு வந்து இரவீந்திரனுக்கு விளங்கப்படுத்தினாள். படத்தைத் திரும்பக் குழுவில் போட்டாள்.

நிச்சயதார்த்த விருந்து டீட்டிகோனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கட்லட்டுக்கு மீன் துஷாந்தியின் வலையிலிருந்து வந்தது; கேட்டு வாங்கியவள் இந்திராதான். அவள் மேசை மேசையாகப் போய் மருமகளின் வம்சத்தை அறிமுகப்படுத்தினாள். "இவை இண்டிகென். இஞ்ச மந்திரிமாரே எழும்பி நிண்டு கை குடுக்கினம்."

லோசானிலிருந்து வந்திருந்த பெரியண்ணை லக்ஷ்மணன் கட்லட்டைக் கடித்தபடி கேட்டார்.

"எங்களுக்கு அங்க பிரெஞ்சு தான் பிள்ளை. இது என்ன சொல்லு? தமிழில என்ன?"

இந்திராவின் சிரிப்பு அப்படியே நின்றது.

"அது... தமிழில அதுக்குச் சொல்லில்லை அண்ணை."

பக்கத்து மேசையில் தட்டு வைத்துக்கொண்டிருந்த ஞானேஸ்வரி நிமிர்ந்தாள். அடுத்த மேசைகளிலும் பேச்சு குறைந்திருந்தது. மதிவதனன் தூரத்தில் நின்று மனைவியைப் பார்த்தார்; அவள் யாரையும் பார்க்கவில்லை.

"இருக்கு," என்றாள். "வேடர். என்ர மனுசனும் வேடர், என்ர பிள்ளையும் வேடர். நீங்க சாப்பிடுறது அவள் பிடிச்ச மீன்."

லக்ஷ்மணனின் வாய் அசையாமல் நின்றது. வாயில் இருப்பதைத் துப்புவதா விழுங்குவதா என்று அவர் யோசிப்பது கன்னத்தில் தெரிந்தது. சுற்றிலும் பார்த்தார். கட்லட் நல்ல பதமாகப் பொரிந்திருந்தது. விழுங்கினார்.

"இன்னொண்டு வைக்கட்டே அண்ணை?" என்று கேட்டாள் ஞானேஸ்வரி.