பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு தாய்வீடு

தணிகாசலத்துக்கு லாரி போகிற ஊருக்கெல்லாம் வழி அத்துப்படி. பஞ்சாங்கத்தில்தான் மனிதர் வழி தவறிவிட்டார். வைகாசியில் மகள் தேவகிக்குக் கல்யாணம் முடிந்த கையோடு அரக்கோணத்து வாடகை வீட்டைக் காலி செய்தார். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து வெகுகாலம். பெண்ணும் காஞ்சிபுரத்துக்கு வாழப் போய்விட்டாள். லாரி ஓட்டுகிற ஒண்டிக்கட்டைக்கு வீடு எதற்கு? பாத்திரம் பண்டங்களை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு, லாரியிலேயே படுத்துக்கொள்ளலாம் என்று கிளம்பினார். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் வைகாசிக்குப் பின்னால் ஆடி வரும் என்பதும், புதுப்பெண்ணைத் தலை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும் என்பதும் சுத்தமாக மறந்து போயிற்று.

அது எழுபத்திரண்டாம் வருஷம். பம்பாய்ப் பக்கம் பாரம் இறக்கிவிட்டுத் திரும்பியவர், லாரியை முதலாளி ஷெட்டில் விட்டுவிட்டு, மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று சின்ன காஞ்சிபுரத்துக்கு வந்தார். சம்பந்தியம்மாள் ரேணுகாம்பாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஆடி பொறந்து பாதி ஆவுது. இப்பத்தான் பொண்ண அழைக்க வழி தெரிஞ்சிதா சம்பந்தி? தெருவுல நாலு பேரு கேக்கறாங்க."

"லோடு மேல லோடும்மா. அதான் லேட்டாயிடுச்சி" என்று வாய் கூசாமல் புளுகினார் தணிகாசலம். வேறு என்ன செய்வார்? நாலு தறி ஓடுகிற வீடு அது. அந்த அம்மாள் வாய்க்குத் தறிக்காரர்களே நடுங்குவார்கள். எனக்கு வீடே இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அடுத்த நிமிஷம் தேவகி துணிப்பையோடு வந்து நின்றாள்.

"பதினெட்டாம் பெருக்கன்னிக்கி நாங்க வந்து அழைச்சிக்கறோம்" என்றாள் ரேணுகாம்பாள்.

"அய்யோ, வேணாம்மா! நானே கொண்டாந்து வுட்டுடறேன்."

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தாங்கினார். அரக்கோணம் பஸ் வந்து நின்றதும், கண்டக்டர் கூப்பிடக் கூப்பிட நகராமல், மகளிடம் உண்மையைக் கொட்டிவிட்டார். அவருக்கு இன்னொரு வேதனையும் இருந்தது. கல்யாணத்தன்று புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது தேவகி அழவில்லை. பொட்டுக் கண்ணீர் விடவில்லை. 'பொறந்த வூட்டு மேல பாசமே இல்ல போல' என்று உறவுக்காரிகள் முணுமுணுத்தது அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது. பாசம் வைக்க அவர் எப்போது வீட்டில் இருந்தார்? தாயில்லாப் பிள்ளைக்குப் பக்கத்து வீடுகள்தான் சோறு போட்டன. இப்போது அந்த வீடும் இல்லை.

கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், தேவகி சிரித்துவிட்டாள். எதிரே கையை நீட்டினாள். கீழே சாப்பாட்டுக் கடை, மேலே ஸ்ரீ பாலாம்பிகா லாட்ஜ்.

"அங்க இருந்துக்கலாம் நைனா. நீ எங்க இருக்கியோ அதான் எனக்கு ஆடி."

லாட்ஜ் மேனேஜர் கலியாணசுந்தரம் எத்தனையோ பேரைப் பார்த்தவர். சாமி கும்பிட வந்தவர்கள், பட்டெடுக்க வந்தவர்கள், வீட்டில் சண்டை போட்டு வந்தவர்கள். நரைத்த மீசையையும் புது மஞ்சள் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருப்பா இது?"

"எம் பொண்ணு சார். ஆடிக்கு அழைச்சாந்திருக்கேன்."

"லாட்ஜுக்கா?"

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார். தேவகி நிமிர்ந்தே நின்றாள். கலியாணசுந்தரம் என்ன நினைத்தாரோ, பின்பக்கத்து அறையின் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, பால்கனி வைத்த அறையின் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

இரண்டு இரும்புக் கட்டில், ஒரு மண்கூஜா, சமைக்கக் கூடாது என்று சுவரில் ஒரு எச்சரிக்கை. அவ்வளவுதான் தாய்வீடு. ஆனால் தணிகாசலம் வாழ்நாளில் முதல்முறையாக மகளோடு சும்மா உட்கார்ந்திருந்தார். தோசைக்குச் சர்க்கரை தொட்டுக்கொள்கிறாள், தூக்கத்தில் கன்னத்துக்கு அடியில் கையை வைத்துக்கொள்கிறாள் என்பதெல்லாம் இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. காலையில் எண்ணெய் வாங்கி வந்து, ஸ்டியரிங் பிடித்துக் காய்ப்பேறிய கையால் அவள் தலையில் தேய்த்துவிட்டார். "ரோடு ரோலர் ஏறுறாப்ல இருக்குது நைனா" என்றாள் அவள். வந்தவாசி கண்டக்டர் கூவுவதுபோல் கூவிக் காட்டினாள். அவள் அம்மாவும் இப்படித்தான் எல்லாரையும் போலப் பேசிக் காட்டுவாள் என்று இவர் சொல்ல, அந்தக் கதை முடியவேயில்லை.

திங்கட்கிழமை காலை பால்கனியில் தலையை உலர்த்திக்கொண்டிருந்தவள், கீழே தெரிந்த முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில், "அத்தே! எங்க போறீங்க?" என்று கத்திவிட்டாள். கத்திய பிறகுதான் தான் அரக்கோணத்தில் இருக்க வேண்டியவள் என்பது நினைவுக்கு வந்து, சட்டென்று குந்திக்கொண்டாள். குந்தி என்ன பிரயோசனம்? மாகறல் கோயிலுக்குக் கிளம்பிய ரேணுகாம்பாள் அண்ணாந்து பார்த்துவிட்டாள். பஸ்ஸை விட்டுவிட்டுப் படியேறினாள். அறைக்குள் தணிகாசலம் இட்லிப் பொட்டலமும் கையுமாக நின்றிருந்தார்.

வாசலில் நின்று கட்டிலைப் பார்த்தாள், கூஜாவைப் பார்த்தாள், எண்ணெய் வழியும் மருமகள் தலையைப் பார்த்தாள்.

"எனக்கு வூடு இல்லீங்கம்மா" என்றார் தணிகாசலம். "காலி பண்ணிட்டேன். ஆடி ஞாபகமே இல்ல. எம் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க. தப்பு என்னுது."

ரேணுகாம்பாள் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். பிறகு, "சம்பந்தி வூட்டுக்கு வந்து எம்மா நேரமா வாசல்ல நிக்கறேன். உள்ள வான்னு ஒரு வார்த்த கூப்பிட மாட்டீங்களா?" என்றாள்.

தணிகாசலம் அவசரமாகக் கட்டிலைக் கையால் தட்டிவிட்டார். "வாங்க... வாங்கம்மா" என்றார்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அவர் நீட்டிய இட்லியை மறுக்காமல் வாங்கிச் சாப்பிட்டாள். "எனக்குத் தல ஆடிக்குக் கூப்பிட யாருமே வர்ல சம்பந்தி" என்றாள். "எங்க பொறந்த வூடு மாடி வெச்ச வூடு. கூட்டினு போவத்தான் யாருக்கும் மனசு இல்ல. ஆடி முச்சூடும் தறிமேடையில குந்தி அழுதுக்கினு இருந்தேன்." தேவகி எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்து கலியாணசுந்தரம் வந்து எட்டிப் பார்த்தார். "ரூமுக்கு ரெண்டு பேருதாம்மா. நீங்க யாரு?"

"சம்பந்தி வூட்டுக்கு வந்தவள யாருன்னு கேக்கறியேப்பா. தண்ணி கொண்டா போ!"

மேனேஜர் தானே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

பதினெட்டாம் பெருக்கு அன்று, சொன்னபடியே ரேணுகாம்பாள் மகன் இளங்கோவனோடு முறையாக வந்தாள். பூ, பழம், வெற்றிலை வைத்த தட்டோடு லாட்ஜ் படியேறினாள். தணிகாசலம் மகளுக்குப் புடவையும் மாப்பிள்ளைக்கு வேட்டியும் வைத்துக் கொடுத்தார். எல்லாம் சிரிப்பும் பேச்சுமாகத்தான் இருந்தது. கீழே ரிக்‌ஷா நின்றது.

வாசற்படி தாண்டும்போது தேவகி திரும்பினாள். கட்டிலையும் கூஜாவையும் பால்கனியையும் பார்த்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு, "நைனா" என்று ஓவென்று அழ ஆரம்பித்தாள். அழுகை படியெல்லாம் கேட்டது. இளங்கோவன் திருதிருவென்று விழித்தான். ரேணுகாம்பாள் மருமகளை இழுக்கவில்லை. அழட்டும் என்று ஒதுங்கி நின்றாள்.

ரிக்‌ஷா கிளம்பிய பிறகு சாவியை வாங்கிக்கொண்ட கலியாணசுந்தரத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "தோ இருக்குது சின்ன காஞ்சிபுரம். அங்க போறதுக்கா இந்த அழுக அழுவுது உம் பொண்ணு?"

தணிகாசலம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்குச் சிரிப்பும் வந்தது.

"பொறந்த வூட்ட வுட்டுட்டுப் போவுது இல்ல சார்? அழத்தான் செய்யும்" என்றார்.