முப்பத்தொன்றாம் பாட்டின் கடைசி வரி

அந்தப் பதிப்பகத்தில் புரூஃப் பார்ப்பவளுக்குப் பதிப்பாசிரியர் வைத்திருந்த பெயர் 'மூணு கால்'. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவள் என்பதால் அந்தப் பெயர். முகத்துக்கு நேரே ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் பதிப்பகத்தில் எந்த ரகசியம் தங்கியிருக்கிறது? அவளுக்குத் தெரியும். கொஞ்சம் பெருமையும் உண்டு.

இந்த முறை முயல், ஒரு பழைய புத்தகம். கடலோர ஊர்களின் பாட்டுகளை ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஒருவர் கால்நடையாகப் போய் எழுதி அச்சிட்டது. அதைத்தான் மறுபதிப்புப் போடுகிறார்கள். தொகுத்தவருக்கு ஒரு பழக்கம், பாடுகிறவர் வாயிலிருந்து எது வந்தாலும் எழுதிவிடுவார். பாட்டுக்கு நடுவே 'அந்தக் கோழியை விரட்டு' என்று ஒருத்தி சொன்னால் கோழியும் பாட்டுக்குள் ஏறிக்கொள்ளும். பதிப்பாசிரியர் அந்தக் கோழிகளை விரட்டிக்கொண்டே வந்தார். முப்பத்தொன்றாம் பாட்டில் அவள் மறித்தாள்.

அது படகைக் கரைக்கு இழுக்கும் பாட்டு. கடைசி வரி, 'விடு பெரியவனே, கயிற விடு'. அதன் கீழே சின்ன எழுத்தில், 'இதற்கு மேல் பாடவில்லை'.

"தாளத்துல உட்காரலையேம்மா. படகை இழுக்கிற பாட்டுல எவளாவது கயிற விடுன்னு பாடுவாளா?"

"மூலத்துல இருக்கு சார்."

"மூலத்துல கோழியும்தான் இருந்துச்சு."

"கோழியை விட்டுக்கொடுத்தேன். இதை விடமாட்டேன். பாட்டுக்கே உயிர் அந்த வரிதான்."

பத்து நாள் இழுபறி. அவள்தான் ஜெயித்தாள். ஜெயித்த சூட்டில் தொகுத்தவரின் நோட்டுகளைத் தேடிப் பிடித்து, பழைய பதிப்பில் வெறுமனே 'ஒரு பெண் பாடியது' என்றிருந்த இடத்தில் பாடியவளின் பெயர், ஊர், தேதி எல்லாவற்றையும் சேர்த்தாள். பாடியவள் தொண்ணூற்றிரண்டு வயதில் இன்னும் இருக்கிறாள் என்று தெரிந்தது. புத்தக வெளியீட்டை அந்த ஊரிலேயே வைத்து, கிழவியை மேடையில் உட்காரவைத்து, அவள் பாட்டைப் புத்தகத்தில் உள்ளபடியே பாடுவது என்று முடிவாயிற்று. அதுவும் இவள் யோசனைதான். பெயர் சரிபார்க்க அந்தப் பக்கத்தின் புரூஃபை, விழா விவரத்தோடு கிழவியின் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

தாள் தபாலில் திரும்பவில்லை. எழுபதை நெருங்கிய ஒருவர் கையில் கொண்டுவந்தார்.

"முப்பத்தொண்ணாவது பாட்டுப் பாடினவங்க மகன். பெரியவன் நான்தான் மேடம்."

வரிக்குள் இருந்த ஆளே எழுந்து வந்துவிட்டதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. உட்காரச் சொல்லிவிட்டுப் பெயரைக் கேட்டாள்.

"ஊர்ல கயிறுன்னு கேட்டாத்தான் தெரியும். நிஜப் பேரு என் பேரனுக்கே தெரியாது." தாளை மேஜையில் விரித்தார். "இதுல ஒரு பிழை இருக்கு. கடைசி வரியை எடுத்துடணும்."

"அது உங்க அம்மா பாடினதுங்க. எடுக்க முடியாது."

"பாடலை மேடம். சொன்னாங்க."

அன்றைக்கு அலை பெரிதாக இருந்ததாம். படகில் இருந்தது அவருடைய தாய்மாமன். கரையில் பத்துப் பேர் கயிற்றை இழுக்க, அம்மா பாட்டெடுத்துக் கொடுத்தாள். கயிற்றின் வாலை நட்டிருந்த கட்டையில் சுற்றிப் பிடித்திருந்தவர் இவர். அம்மா விடச் சொன்னாள். அலைக்குத் தகுந்தாற்போல் கயிறு கொஞ்சம் தளரட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. விட்டார். படகு பாறையில் அடித்துக்கொண்டது. மாமன் பிழைக்கவில்லை. முன்னால் நின்றவர்கள் காதில் காற்றுதான் விழுந்தது. அம்மாவின் பக்கத்தில் நோட்டோடு நின்ற வெளியூர்க்காரருக்கு மட்டும் கேட்டிருக்கிறது. அவருக்கு எல்லாமே பாட்டு. எழுதிக்கொண்டு போய்விட்டார்.

"விடச் சொல்லவே இல்லைன்னுட்டாங்க அம்மா. பொய்னு நான் நினைக்கலை. கூடப் பிறந்த தம்பி கண்ணு முன்னால போறான், அதுல என்ன ஞாபகம் இருக்கும்? கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, நானாத்தான் விட்டுட்டேனோன்னு. அம்பது வருஷம் அப்படியே ஓடிப்போச்சு. போன வாரம் மருமக இந்தத் தாளை வாசிச்சா. தேதியையும் கடைசி வரியையும் கேட்டதும் அப்படியே உட்கார்ந்துட்டேன்."

"அப்போ உங்களுக்கு இருக்கிற ஒரே சாட்சி இதுதானே? இதையா எடுக்கச் சொல்றீங்க?"

"மேடையில அவங்க முன்னால பாடப் போறீங்களாமே. எனக்குப் பேச்சு வாங்கிப் பழகிடுச்சு. இந்த வயசுல அவங்க புதுசா வாங்கணுமா?"

அந்த வரியை அழகு அழகு என்று பத்து நாள் சண்டை போட்டதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து பதிப்பாசிரியர் அறைக்குப் போனாள்.

"சார், நீங்க சொன்னது சரிதான். அந்த வரி தாளத்துல உட்காரலை."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "இன்னிக்கு மழைதான்" என்றார். அவருக்கு அந்தச் சந்தோஷம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவள் காரணம் சொல்லவில்லை.

தன் மேஜைக்குத் திரும்பி, பெரியவர் பார்க்கவே முழுப் புத்தகத்தின் புரூஃபில் அந்த வரியை அடித்தாள். அதற்குக் கீழிருந்த சின்ன எழுத்தையும் தேதியையும்கூட அடித்தாள். அனுப்பிய தாள்கள் எல்லாம் ஆபீசுக்குத் திரும்பியாக வேண்டும் என்பது அங்கே விதி. கையை நீட்டினாள். அதற்குள் அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

"இது என்கிட்டயே இருக்கட்டும் மேடம். யாருக்கும் காட்டமாட்டேன்."

பதிவேட்டில் முப்பத்தொன்றுக்கு நேரே 'தாள் திரும்ப வரவில்லை' என்று எழுதினாள். அவர் கதவை இடது கையால் திறந்துகொண்டு போனார். வலது கை பையின் மேலேயே இருந்தது.