இரண்டு பேருக்கு ஒரு மூச்சு

முகமூடி முகத்தோடு இறுகிவிட்டால் காற்று சும்மா வராது. இழுத்து வாங்க வேண்டும். விட்ட மூச்சில் கொஞ்சம் சூடாக உள்ளேயே திரும்பி வரும். காலையிலிருந்து தனிமை அறையில் நின்ற நர்சுக்கு நெற்றிப்பொட்டு வலியில் தெறித்தது. காதில் மூச்சுச் சத்தம் தவிர வேறெதுவும் விழவில்லை.

படுக்கையில் ஒரு பஸ் டிரைவர். அவர் மூச்சு தடுமாறினால் உடனே செயற்கை சுவாசத்துக்கு மாற்ற வேண்டும். தாமதித்தால் ஆள் தங்கமாட்டார். மூச்சை எண்ணும் மானிட்டர் வேறொரு படுக்கைக்குப் போயிருந்தது. மார்பைப் பார்த்து எண்ண வேண்டும். ஆனால் குளிரில் நடுங்குபவரின் கம்பளியை விலக்க மனம் வராமல், அவள் காதாலேயே எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்காரு?" கண்ணாடிக்கு வெளியிலிருந்து மூத்த நர்ஸ் மைக்கில் கேட்டாள்.

"சீரா இருக்குக்கா."

"உன் குரல்தான் சரியில்ல. வெளிய வா. அங்கயே குடித்தனம் பண்ணப் போறியா?"

"இன்னொரு தடவ எண்ணிட்டு வரேங்கா."

எண்ணத் தொடங்கியபோதுதான் உறைத்தது. இது யாருடைய மூச்சு?

தன் மூச்சை அடக்கிப் பார்த்தாள். சத்தம் நின்றது. கம்பளியை விலக்கினாள். அவர் மார்பு அசையவில்லை.

பதறி மூச்சை இழுத்தாள். அவர் மார்பும் உயர்ந்தது.

டிரைவர் கண்ணைத் திறந்தார். "நிறுத்தாதீங்க சிஸ்டர்... முன்னாடி போற வண்டி நீங்கதான்."

"அக்கா, டாக்டரக் கூப்பிடுங்க! மெஷின் வேணும்!"

அதைச் சொல்லி முடிக்கும்வரை அந்த மார்பு அப்படியே நின்றது. அதன்பின் அவள் வாயைத் திறக்கவில்லை. அவர் காதருகே குனிந்து, முகமூடி அதிர மூச்சை இழுத்தாள், விட்டாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"ஆள மாத்திக்கோடி, விழுந்துடுவ!"

தலையை மட்டும் ஆட்டினாள்.

டாக்டர் வந்தார். குழாய் இறங்கியது. மெஷின் ஓடத் தொடங்கியது. டிரைவரின் மார்பு அதன் கணக்கில் ஏறி இறங்கியது. அவளைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தார்கள்.

உடை மாற்றும் அறையில் மூத்த நர்ஸ் அவளுடைய முகமூடியைக் கழற்றிவிட்டாள். முகத்தில் நல்ல காற்று பட்டது. அவளுக்கு இழுக்கத் தெரியவில்லை.

"மூச்ச விடுடி! என்னாச்சு உனக்கு?" முதுகில் ஓங்கித் தட்டினாள் மூத்தவள்.

சுவருக்கு அப்பால் மெஷின் உஸ்ஸென்றது. அவள் மார்பு உயர்ந்தது. மெஷின் அடங்கியது. மார்பும் அடங்கியது.

மூத்த நர்ஸ் சுவரைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்தி அவளை உட்கார வைத்தாள்.